மம்முட்டி வாசப்படி தாண்டாது

16 செப்டம்பர் 2025, செவ்வாய்

களைக்கொத்தின் காம்பில் கருப்பு பூத்திருக்கிறது. நேற்று சாயங்காலம் நல்ல மழை. யாரோ அதைக் கீரைப்பாத்தி ஓரத்தில் படுக்கப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? என் மகன் இளஞ்செழியன்தான். கறிவேப்பிலை அடியில் நாலு கொத்து கொத்தினான், போன் வந்தது, அப்படியே போட்டான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எடுத்து வைப்பான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. நனையட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நானும் விட்டுவிட்டேன். நனைந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறீர்கள் என்று மருமகள் துர்கா கேட்கிறாள். "நாளைக்கு நான் அப்படிச் செய்யலைன்னு ஒருத்தரும் மாத்திப் பேசக் கூடாது. அதுக்குத்தான்" என்றேன். "அப்ப நான் செஞ்ச நல்லதையும் எழுதுங்க அத்த" என்கிறாள். நடந்தால் எழுதுவேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். பேத்தி அபி எழுதி மிச்சம் விட்ட நோட்டு எனக்குப் போதும்.

வீட்டுக்குப் பின்னால் பதினோரு அடி நீளம், ஆறு அடி அகலம். அதில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ரெண்டு பாத்தி கீரை, கனகாம்பரம். என் முட்டி மடங்காது, குந்தி உட்கார முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஆள் உயரக் காம்பு போட்டு வைத்திருக்கிறேன். மண் வெட்டுகிற மம்முட்டி, களைக்கொத்து, சருகு இழுக்கிற வாரி, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, அதே உயரத்துக்கு முழு இரும்பில் கடப்பாரை. ஐந்து. ஐந்தும் நின்றால் பனைமரம் மாதிரி நிற்கும், படுத்தால் தோட்டம் முழுக்கப் படுக்கும்.

21 செப்டம்பர், ஞாயிறு

அபி காலில் வாரி குத்திவிட்டது.

சுவரில் சாய்த்து வைத்திருந்தது சரிந்து, பல் வானத்தைப் பார்க்கக் கிடந்திருக்கிறது. பந்தை எடுக்க ஓடின பிள்ளை மிதித்துவிட்டாள். ரெண்டு பல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊசி போட்டு, கட்டுக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது வயசுப் பிள்ளை, "ஆயா, வலிக்கலை ஆயா" என்று என்னைத் தேற்றுகிறது. அது இன்னும் மோசம்.

இளஞ்செழியன் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிட்டான். "ரெண்டு தப்படி இடத்துல அஞ்சு கம்பு. ஒண்ணு சாஞ்சா எல்லாம் சாயுது. கண்ணுல பட்டிருந்தா என்னம்மா பண்றது?"

"வேணும்னா குத்திச்சு அது?" என்றேன்.

"பேசாத. மழை விடட்டும், தை பொறக்கட்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் முழுசும் சிமெண்ட் போட்டுடறேன். சந்து வழியா வண்டியை உள்ள விட்டுக்கலாம்."

"முருங்கை?"

"வெட்டிடலாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். இவனுக்குப் பால் மறக்கடித்த வருசம் நட்டது அந்த முருங்கை. ரெண்டு தடவை புயலில் முறிந்து ரெண்டு தடவையும் துளிர்த்தது. இவன் சைக்கிள் கற்றுக்கொண்டு விழுந்ததும் அதன்மேல்தான்.

துர்காதான் நடுவில் வந்தாள். அவள் சொல்லி அவன் ஒரு படி இறங்கினான். "சரி. பொங்கலுக்குள்ள இதுக்கெல்லாம் ஒரு இடம் பண்ணு. புள்ள கை, காலு படாத இடம். பண்ணிட்டா நான் சிமெண்ட் பேச்சே எடுக்கல. பண்ணலைன்னா நீ ஒண்ணும் பேசக் கூடாது."

எழுதிக்கொண்டேன். அவன் வாயால் சொன்னது. துர்கா சாட்சி.

22 செப்டம்பர், திங்கள்

வாரியைச் சாய்த்து வைத்தது நான்தான். பல் சுவர்ப்பக்கம் இருக்கத்தான் வைத்தேன் என்று நேற்று எல்லோரிடமும் சொன்னேன். அவசரத்தில் வைத்தேன். எந்தப் பக்கம் பல் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லாதது இந்த வீட்டில் இது ஒன்றுதான் இருக்கும்.

28 செப்டம்பர், ஞாயிறு

தண்ணீர் பிடிக்கிற பழைய நீல டிரம் ஒன்று இருந்தது. அதில் பாதிக்கு மணல் போட்டு, காம்பு கீழே, இரும்பு மேலே என்று ஐந்தையும் குத்தி நிறுத்தினேன். அசையவில்லை. இளஞ்செழியன் வந்து உதைத்துப் பார்த்தான், அப்போதும் அசையவில்லை. "பரவாயில்லையே" என்றான். அவன் வாயில் அந்த வார்த்தை வந்து வருசக் கணக்காச்சு.

துர்கா மட்டும், "மாடிப்படி அடியில உள்ளேயே வெச்சுடலாமே அத்த, நனையாது" என்றாள். அவள் வேலூர்ப் பக்கத்துப் பெண். அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மம்முட்டியும் கடப்பாரையும் வாசப்படி தாண்டாது. குழி வெட்டிவிட்டு வருகிறவன்கூட மம்முட்டியை வெளியே போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் சோறு தின்ன வருவான். பொழுது போகாமல் வைத்த வழக்கமா இது?

1 அக்டோபர், புதன். ஆயுத பூசை

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எழுதாமலும் இருக்க மாட்டேன்.

காலையில் ஐந்தையும் கழுவி, இரும்புக்குத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பின்பக்கம் வாழையிலை போட்டு வரிசையாகப் படுக்க வைத்தேன். கற்பூரம் காட்டினோம். பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் கையால் தொடக் கூடாது. அதற்கு ஓய்வு. இது ஊருக்கே தெரியும்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு போய் அதுகள் மேல் விரித்து வைத்துவிட்டு வந்தேன். ஒரு குடையில் எது நனையாமல் இருக்கும்? சரி, நனையட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு படுத்தேன். ஒரு கண் அசந்துவிட்டேன். எழுந்து வந்தால் கூடத்தில், டிவிக்குக் கீழே, ஐந்தும் கிடக்கின்றன. குங்குமம் தரையில் ஒழுகிக்கொண்டு. பக்கத்தில் துர்கா துணியால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நனைஞ்சா நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் அத்த..."

நான் கத்தினது முதலியார்பேட்டை முழுக்கக் கேட்டிருக்கும். பூசையில் இருந்ததைத் தொட்டாள், அது ஒன்று. மம்முட்டியை வாசப்படி தாண்டிக் கொண்டுவந்தாள், அது ரெண்டு. கடப்பாரையைப் புள்ள படிக்கிற இடத்துல கிடத்தினா, அது மூணு. ஒரே நாள்ல மூணும்!

அவள் அழவில்லை. "இனிமே நனைஞ்சு மக்கிப் போனாலும் எட்டிப் பார்க்க மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

நல்லதும் எழுதச் சொன்னாளே. சரி. மனசில் கெட்டது இல்லாமல் செய்தாள். எழுதிவிட்டேன்.

9 அக்டோபர், வியாழன்

டிரம் யோசனை நாசம். மழைத்தண்ணீர் டிரம்முக்குள் இறங்கி, மணல் ஊறி, காம்பெல்லாம் அடியில் ஒரு சாண் அளவுக்குக் கஞ்சியில் ஊறின மாதிரி கொழகொழ என்று இருக்கிறது. அதோடு இரும்பெல்லாம் ஆள் தலை உயரத்தில் நிற்கிறது. குனிந்து கீரை கிள்ளிவிட்டு நிமிர்ந்தேன், வாரிப் பல் நெற்றியில் உரசிவிட்டது. இளஞ்செழியன் பார்க்கிற நேரம் பார்த்தா நடக்கணும்?

14 அக்டோபர், செவ்வாய்

குளியலறைக் கூரை சிமெண்ட் ஷீட். மேலே போட்டால் பிள்ளைக்கும் எட்டாது, யாருக்கும் எட்டாது என்று முட்டி வலியோடு ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் தள்ளிப் போட்டேன். மம்முட்டி போச்சு, கொத்து போச்சு, வாரி போச்சு. கடப்பாரை போனது. போனது போனதுதான், ஷீட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய் வாளியில் நின்றது. உள்ளே யாரும் இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கு வேறு எழுதிக்கொண்டிருப்பேன்.

இளஞ்செழியன் சிமெண்ட் மூட்டை விலை போனில் விசாரித்தான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கூடத்தில் நின்று விசாரித்தான்.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

பக்கத்து வீட்டு அரியாங்குப்பத்துக்காரி அபியிடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தொடாமல் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு வருசமும் அனுப்புவாள், ஒவ்வொரு வருசமும் திருப்பி அனுப்புவேன்.

26 அக்டோபர், ஞாயிறு

மூன்று பக்கமும் பார்த்தாகிவிட்டது. வீட்டுச் சுவர் ஓரம் முழுக்க ஜன்னலும் குழாயும். குளியலறைச் சுவரில் ஈரம், கரையான் ஏறுகிறது. சந்துப் பக்கம் வெறும் முள்வேலி. மிச்சம் ஒரே சுவர். அவள் சுவர்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். அரியாங்குப்பத்துக்காரி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி கண்ணையன் பெண்டாட்டி. பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். பாகம் பிரித்தபோது கண்ணையன் நடுவில் அந்தச் சுவரைக் கட்டினான். அவள் பக்கம் தகரக் கொட்டாய் போட்டார்கள். அந்தத் தகரம் சுவரைத் தாண்டி ரெண்டு அடி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்றெட்டில் அதன் தண்ணீர் என் கனகாம்பரத்தில் விழுகிறது என்று பஞ்சாயத்து வைத்தேன். கண்ணையன் நுனியில் ஒரு தகரக் காவா கட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது பார்த்தால் இந்தப் பதினோரு அடியில் மழை படாத ஒரே இடம் அந்தத் தகரத்துக்கு அடியில்தான்.

"சின்ன ஆயாகிட்ட கேட்டா விடுவாங்க" என்கிறாள் அபி. "அவங்க வீட்டுல சுவத்துலதான் படுக்க வெச்சு மாட்டியிருக்காங்க. கீழ விழவே விழாது."

அந்த வீட்டுக்குள் இவள் போகிறாளா? எப்போது இருந்து?

நான் கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன். 2009 கார்த்திகையில் என் வீட்டுக்காரர் போனார். மூன்றாம் நாள் பின்பக்கம் வந்து பார்க்கிறேன், அவருடைய மம்முட்டியைக் காணோம். மில்லில் வேலை விட்டு வந்து தினமும் பிடித்த மம்முட்டி. கருவேலங் காம்பு, அவரே செதுக்கிப் போட்டது. செடிக்குச் செடி இடைவெளி அளக்கக் காம்பில் மூன்று வெட்டு வைத்திருப்பார். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் கொட்டாய்க்குள் அந்தக் காம்பு தெரிந்தது. "என் மம்முட்டி எங்கடி?" என்றேன். என் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். தெரியாதாம்! கண்ணெதிரில் வைத்துக்கொண்டு!

தெருவில் நின்று திருடி என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. கொரோனாவில் கண்ணையன் செத்தபோதுகூட வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

30 அக்டோபர், வியாழன்

கேட்காமலே செய்துவிட்டால்?

1 நவம்பர், சனி

எங்கள் ஊருக்கு விடுதலை நாள் லீவு. தெருமுனையில் வெல்டிங் கடை வைத்திருக்கிற பக்கிரியை வரச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம்கூட இல்லை. அவள் ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

பக்கிரி சுவரைத் தட்டிப் பார்த்தான். "அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா பெரிம்மா?"

"எல்லாம் கேட்டாச்சு. நீ போடு."

ட்ரில்லை வைத்தான். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, கம்பி மிஷின் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் கணீர் என்று ஒரு இரும்பு விழுந்த சத்தம். பிறகு அவள் குரல்.

"யாரு அது? வூட்டையே பேத்துடுவீங்களா?"

பக்கிரி என்னைப் பார்த்தான். "கேட்டாச்சுன்னீங்க?"

"எந்த ஓட்டைய எங்க போட்டிருக்கன்னு வந்து பாரு! பதினாறு வருசமா காலு வரலை இல்ல, இப்ப வரட்டும்!" என்று மறுபடி அவள் குரல்.

போனேன். எதற்குப் போனேன்? சண்டைக்குத்தான் போனேன். "நீட்டின தகரம் என் பக்கம் இருக்கு, அதுக்கு வாடகை யாரு தரது?" என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

கொட்டாய்க்குள் சுவரில் ரெண்டு முளை அடித்திருந்தது. ஒரு முளை ட்ரில் அதிர்ச்சியில் கழன்று, அதில் படுத்திருந்த ஒன்று தலைகீழாகச் சரிந்து கிடந்தது. இரும்பில் எண்ணெய்த் துணி சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. காம்பு வெளியே தெரிந்தது. மூன்று வெட்டு.

குனிந்து எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதக்கா."

"என் பொருளை நான் தொடக் கூடாதா?"

"தொடாதன்னா தொடாத."

பிறகு சொன்னாள். அதை இன்றைக்கு எழுத முடியவில்லை. கோபத்தில்தான்.

2 நவம்பர், ஞாயிறு

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"மாமா போன அன்னிக்கு மழை. குழி வெட்டற ஆளு வரல. பொணத்தை வெச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் காத்துக்கிட்டு இருக்கறது? எங்க வீட்டுக்காரரே எறங்கி வெட்டினாரு. கூடப் பொறந்தவன் வெட்டற வழக்கமா? இல்ல. வேற வழியும் இல்ல. கைக்குக் கெடச்சது உங்க பின்பக்கம் சாத்தியிருந்த இதுதான். உன்னைக் கேக்கற நெலமையாக்கா அது?"

"அப்புறம் என் மொகத்தைப் பார்த்துத் தெரியாதுன்னு ஏன் சொன்ன?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீதான சொல்லிக் குடுத்த?"

நானா?

"மாமனார் செத்தப்ப. எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டாவது வருசம். செத்தவங்களுக்குக் குழி வெட்டின மம்முட்டி அவங்க வீட்டு எல்லைக்குள்ள திரும்பக் கூடாது, அந்த வீட்டு ஆளு கேட்டாலும் எடுத்தவங்க தெரியாதுன்னுதான் சொல்லணும், இதாலதான் வெட்டினோம்னு அவங்க காதுல விழக் கூடாது. கெணத்தடியில நின்னு நீதான் சொன்ன. நான் அதைத்தான் செஞ்சேன். நீ திருடின்ன."

சொன்னேன். கிணற்றடியில்தான் சொன்னேன். கையில் சாணிவாளி வைத்திருந்தாள், பச்சைப் புடவை. எண்பத்து மூணு, ஆவணி. எல்லாம் நினைவிருக்கிறது. அதைக் கொண்டுவந்து இதோடு சேர்த்துப் பார்க்க மட்டும் பதினாறு வருசம் எனக்குத் தோணல.

"அப்பவே தூக்கி ஆத்துல போட்டிருக்கலாமில்ல?" என்றேன். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

"மாமா போட்ட காம்பு. எப்படிப் போடறது? உனக்கும் குடுக்க முடியல, போடவும் முடியல. வேற எவன் கையிலயும் குடுக்கல. வருசா வருசம் எண்ணெய் தடவி மாட்டி வெச்சிருக்கேன்."

இப்போது அதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே, என் காதில் விழுந்துவிட்டதே என்று அதற்கு வேறு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் மனசு கொதிக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை. பதினாறு வருசமா என் கையில ஒரு ஞாயம் இருந்துச்சு. அதைப் புடுங்கிட்டா. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தா வெச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

4 நவம்பர், செவ்வாய்

இளஞ்செழியனைக் கேட்டேன். "உங்கப்பாவுக்கு யார்டா வெட்டினது?"

"சித்தப்பாதான். மொழங்கால் தண்ணியில நின்னு வெட்டினாரு. நான் பார்த்துக்கிட்டுதான இருந்தேன்."

"எந்த மம்முட்டியால?"

"நம்ம மம்முட்டிதான்."

"பாவி, ஏன்டா சொல்லலை எங்கிட்ட?"

"நீ எங்கம்மா கேட்ட? மம்முட்டின்னு வாயத் தொறந்தாலே கத்துவ."

துர்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

பக்கிரி மறுபடி வந்தான். "இது அரைக்கல்லு சுவரு பெரிம்மா, ப்ளக் அடிச்சா நிக்காது. கடப்பாரை வெயிட்டுக்குப் பேத்துக்கிட்டு வந்துடும். நீளப் போல்ட்டை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஊடால விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வெச்சு நட்டு முறுக்கினாத்தான் தாங்கும். ஆனா அந்தாண்ட ஒருத்தர் ஸ்பேனர் புடிக்கணும்."

அவன் ரெண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டான். அவள் வந்து நின்றாள். எங்கள் நடுவில் அரைச் சாண் செங்கல்தான், ஆனாலும் ரெண்டு பேரும் பக்கிரியிடமே பேசினோம்.

"புள்ளைக்கு எட்டாத உசரத்துல போடணுமாம், கேளுப்பா" என்றேன்.

"போட்டுக்கச் சொல்லு. என் முளை உசரமும் அதான். ஏற்கனவே ஒண்ணைப் பேத்தாச்சு, அதுக்குப் பதிலா எனக்கும் இதுலயே மாட்டிக்க வழி பண்ணச் சொல்லு" என்றாள்.

"இரும்பு சுவத்தைப் பார்க்கணும்."

"அது எனக்குத் தெரியாதா? அவங்க அஞ்சையும் மழையில நிக்க வெச்சவங்க எனக்குச் சொல்ல வந்துட்டாங்களான்னு கேளு."

பக்கிரி போல்ட்டை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தான்.

இந்தப் பக்கம் அவன் முறுக்க, அந்தப் பக்கம் அவள் ஸ்பேனர் பிடித்தாள். நாலு போல்ட்டு, ரெண்டு வரிசை. எங்கள் பக்கம் கொக்கி மாதிரி வளைத்த ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்தான், அவள் பக்கமும் அப்படியே. கடப்பாரை அடி வரிசையில். அதற்கு மேல் மம்முட்டி, கொத்து, வாரி, எல்லாம் படுக்கையாக, பல்லும் கூர்ப்பக்கமும் சுவரைப் பார்த்து. தொரட்டி மட்டும் தகரத்தின் அடிவிளிம்பில் கட்டித் தொங்குகிறது. அபியை நிறுத்தி எக்கிப் பார்க்கச் சொன்னேன். விரல் நுனிகூடப் படவில்லை.

அந்தப் பக்கம் அவளுடைய ரெண்டு சாமான். அதோடு அந்த மம்முட்டியும். நான் போய்ப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்து நட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் அதை எடுத்து மாட்டினபோது கையில் தெரிந்தது.

23 நவம்பர், ஞாயிறு

மூணு நாளாக அடைமழை. காம்பு ஒன்றுகூட ஈரம் இல்லை. கண்ணையன் கட்டின காவா இன்னும் ஒழுகாமல் நிற்கிறது. அவனுக்கு வேலை தெரியும். அவன் இருக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

12 டிசம்பர், வெள்ளி

அவர் திதி. படையல் ஆனதும் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன். அவள் கொட்டாய் ஓரத்தில் நாற்காலி போட்டாள். நான் இரும்பைத் தொடவில்லை. காம்பை மட்டும் துடைத்தேன். மூன்று வெட்டிலும் எண்ணெய் இறங்கியது. அவர் கைப்பிடிக்கிற இடம் மட்டும் வழவழ என்று இருக்கிறது. அதற்கு எண்ணெய் தேவைப்படவில்லை.

"மாமா முருங்கைக்கு ஒண்ணாவது வெட்டு, கனகாம்பரத்துக்கு மூணாவது வெட்டுன்னு அளப்பாரு" என்றாள்.

"கனகாம்பரத்துக்கு ரெண்டாவது" என்றேன். அவளுக்கு எப்போதும் பாதிதான் நினைவிருக்கும்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

கொத்தனார் வந்தான். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், போகவில்லை. இளஞ்செழியன் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ரொம்ப நேரம் நின்றான். சுவரைத் தட்டினான், போல்ட்டை ஆட்டிப் பார்த்தான். பிறகு குளியலறைக் கூரைக்கு மட்டும் ஷீட் மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டான்.

போகிறபோது வாரியை எடுத்து முருங்கைச் சருகை இழுத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மாட்டினான். பல் சுவரைப் பார்த்து. எழுதிக்கொண்டேன்.

18 ஜனவரி, ஞாயிறு

காலையில் சுவருக்கு மேலே கையை நீட்டிக் களைக்கொத்து கேட்டாள் அஞ்சலாட்சி. பொங்கலுக்கு நட்ட மஞ்சளைச் சுற்றிக் களை எடுக்கிறாளாம். கொடுத்தேன்.

சாயங்காலம் பார்க்கிறேன், சந்து வழியாக வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கழுவவே இல்லை! மண் அப்படியே அப்பிக்கொண்டு இருக்கிறது, காம்பில் ஈரம் வேறு. எண்பத்தேழில் கடப்பாரையை வாங்கி விறகு பிளந்து நுனியை மழுக்கிக் கொடுத்தாளே, அதே புத்தி. வயசாகியும் மாறலை. சுவத்தைத் தட்டிக் கேட்டேன். "கழுவிட்டுதான மாட்டுவாங்க? என்னடி பழக்கம் இது?"

"குழாயில தண்ணி வரலக்கா, நாளைக்கு எனக்குத்தான வேணும், திரும்ப எடுக்கப் போறேன்" என்கிறாள்.

நாளைக்கும் வேணுமாம்! கேட்டாளா என்னை?

தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன்.